சோதனையில் தேறினால் போதுமா?

அமெரிக்கத் தனியார் துறை ஊழியர்கள் பலருக்கு முதுமைக்காலச் சேமிப்பு என்பது 401(கே) திட்டமே. 1978-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம், வரிச் சட்டத் தொகுப்பில் சேர்த்த பிரிவின் எண்ணே அதற்குப் பெயராயிற்று. வழக்கமான முறையில், ஊதியத்திலிருந்து செலுத்தும் தொகைக்கு அப்போது வருமான வரி கிடையாது. பின்னாளில் எடுக்கும்போதுதான் வரி.

இச்சலுகையால் அதிகம் பயனடைபவர் உயர் வரி விகிதத்தில் இருப்பவர். சேமிக்க மிச்சம் இருப்பவரும் அவரே. அரசு விட்டுக்கொடுக்கும் வரி, மேல்மட்டத்தினரின் தனிச்சலுகையாகிவிடக் கூடாது என்பதற்காகவே ஆண்டுதோறும் பாகுபாடின்மைச் சோதனை நடத்தப்படுகிறது.

நிறுவனத்தில் 5 சதவீதத்துக்கு மேல் பங்குடையோரும், முந்தைய ஆண்டில் வரம்பை மீறி ஊதியம் பெற்றோரும் உயர் ஊதியப் பிரிவினர். 2025-ஆம் ஆண்டு ஊதியத்துக்கு இவ்வரம்பு 1,60,000 டாலர். ஏனையோர் சராசரியாக ஊதியத்தில் 3 சதவீதம் சேமித்தால், உயர் பிரிவினரின் சராசரி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தகுதியிருந்தும் எதுவும் செலுத்தாத ஊழியர் பூஜ்யமாகக் கணக்கில் சேர்வார். கடைநிலை ஊழியர் சேமிக்காவிட்டால் மேலாளரின் சலுகையும் சுருங்கும் என்பதே இவ்விதியின் நுட்பம்.

ஆனால், சோதனையில் தோற்ற நிறுவனம் என்ன செய்கிறது? உயர் பிரிவினரின் மிகைத் தொகையைத் திருப்பித் தந்துவிடலாம். அது அவர்களின் வரிக்குரிய வருமானமாகும். கணக்கு நேராகிவிடும், குறைந்த ஊதியக்காரரின் கணக்கிலோ ஒரு சென்ட்கூட ஏறாது. மாற்று வழியும் உண்டு: ஏனையோருக்காக நிறுவனமே கூடுதல் தொகை செலுத்தலாம். ஊழியர் சேமித்தாலும் சேமிக்காவிட்டாலும் ஊதியத்தில் 3 சதவீதத்தை நிறுவனம் செலுத்துவது போன்ற நிபந்தனைகளை ஏற்றால், சோதனையிலிருந்தே விலக்குப் பெறும் வழி 1999 முதல் நடைமுறையில் உள்ளது.

தொடர்ந்து தோற்கும் நிறுவனங்களுக்குத் திருப்பித் தரும் வழியை அடைத்து, ஏனையோர் கணக்கில் செலுத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. சிறு நிறுவனங்கள் சுமை தாங்காமல் திட்டத்தையே கைவிடும் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று; அவற்றுக்குக் கால அவகாசம் தரலாம். உயர்ந்தோரின் சேமிப்பைக் குறைத்துச் சமன் காட்டுவது எளிது. தாழ்ந்தோரின் சேமிப்பை உயர்த்துவதற்காகவே இச்சோதனை பிறந்தது.