கைத்தொழில் கற்கப் பணம் எங்கிருந்து வரும்? முதலாளிகளும் இளையோரும் அறிய வேண்டிய வழிகள்

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றியே இருக்கும். புள்ளிகள் குறைந்த பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களில் பலர் தொழிற்சாலையிலோ பாதுகாவலர் வேலையிலோ லோரி உதவியாளராகவோ சேர்ந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், தோட்டப் பட்டறையில் 15, 20 ஆண்டுகள் வெல்டிங் செய்து கைதேர்ந்தவர்கள், கையில் சான்றிதழ் இல்லாத ஒரே காரணத்தால் பட்டணத்தில் பொதுத் தொழிலாளி சம்பளத்துக்கே வேலை பார்க்கிறார்கள்.

இந்த இரு தரப்பினருக்கும் உதவ நாட்டில் சட்டப்படி அமைந்த நிதிகளும் திட்டங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு அமைப்பின் கீழ் இருப்பதால், யாரைப் போய்ப் பார்ப்பது என்பதிலேயே பலர் சோர்ந்துவிடுகிறார்கள். அந்த வழிகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஸ்.கே.எம். சான்றிதழின் ஐந்து நிலைகள்

முதலில் சான்றிதழைப் புரிந்துகொள்வோம். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே., மலேசியத் திறன் சான்றிதழ்களை வழங்குகிறது. மொத்தம் ஐந்து நிலைகள். முதல் மூன்றும் எஸ்.கே.எம். 1, 2, 3 எனப்படும். நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா.

எஸ்.கே.எம். பெற மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஜே.பி.கே. அங்கீகரித்த பயிற்சி மையத்தில் முழுநேரமாகப் படிப்பது. இரண்டு, ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பயில்வது. மூன்று, ஏற்கெனவே உள்ள அனுபவத்தை மதிப்பீடு செய்யவைத்துச் சான்றிதழ் பெறுவது. மூன்று வழியிலும் கிடைப்பது அதே சட்டத்தின் கீழ் வரும் ஜே.பி.கே. சான்றிதழ்தான். இதில் முதல் வழியைப் பற்றி மட்டுமே நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம்.

வேலை செய்துகொண்டே பயில்வது

எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005-இல் தொடங்கியது. ஜெர்மனியில் நெடுங்காலமாக இருக்கும் தொழில் பழகும் முறையைப் பின்பற்றி அமைக்கப்பட்டது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும். எஞ்சிய 20 முதல் 30 விழுக்காடு வகுப்பறையில் நடக்கும். வாரத்தில் ஓரிரு நாள் வகுப்புக்குப் போவது ஒரு முறை. சில மாதங்கள் தொடர்ந்து வேலை, பிறகு சில வாரங்கள் தொடர்ந்து வகுப்பு என்பது இன்னொரு முறை.

பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கும். பயிற்சிக் காலத்தில் நிறுவனம் மாதாந்தரப் படித்தொகை தரும். வேலையைக் கற்றுத்தர நிறுவனத்துக்குள்ளேயே ஒரு வழிகாட்டி நியமிக்கப்பட வேண்டும்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்டு, 1.1.2023 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, தொழில் பழகுநர் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதமும் அதிகபட்சம் 24 மாதமும் கொண்டதாக இருக்க வேண்டும். அது எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் முதலாளி அவருக்கு ஒரு தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஒருவரைப் "பயிற்சி" என்ற பெயரில் குறைந்த கூலிக்கு வைத்திருப்பதற்கும், கடையைக் கூட்டுவதும் டீ வாங்கிவருவதுமே வேலையாகத் தருவதற்கும் இச்சட்டத்தில் இடமில்லை. அப்படி நடந்தால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம்.

முதலாளிகளுக்கு: நீங்கள் கட்டும் லெவி எங்கே போகிறது?

1993-இல் தொடங்கிய மனிதவள மேம்பாட்டு நிதி, இன்று 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எச்.ஆர்.டி. கோர்ப் என்ற பெயரில் இயங்குகிறது. 1.3.2021 முதல் இதன் வரம்பு பெரிதும் விரிவாக்கப்பட்டது. விவசாயத் துறையும் அப்போது உள்ளே வந்தது.

விதி எளிமையானது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் இருந்தால் பதிவு கட்டாயம். லெவி 1 விழுக்காடு. 5 முதல் 9 பேர் இருந்தால் விருப்பத்தின்பேரில் பதியலாம், லெவி 0.5 விழுக்காடு. அடிப்படைச் சம்பளமும் நிலையான அலவன்சும் மட்டுமே கணக்கில் சேரும், ஓவர்டைம் சேராது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். நூறு பேர் வேலை செய்யும் தோட்டமாக இருந்தாலும், அதில் எத்தனை பேர் குடிமக்கள் என்பதே கேள்வி.

ஓர் உதாரணம்: 12 மலேசியத் தொழிலாளர்கள், ஒவ்வொருவருக்கும் 1,800 வெள்ளி சம்பளம். மாதச் சம்பளம் மொத்தம் 21,600 வெள்ளி. லெவி 216 வெள்ளி. ஓராண்டுக்கு 2,592 வெள்ளி. ஏழு பேர் கொண்ட சிறிய பட்டறை என்றால் இதே சம்பளத்துக்கு மாதம் 63 வெள்ளிதான்.

இந்தப் பணத்தைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்கக் கூடாது. இதை முதலாளியே தரவேண்டும் என்பது சட்டம். சம்பளச் சீட்டில் எச்.ஆர்.டி. என்று பிடித்தம் இருந்தால் தொழிலாளி கேள்வி கேட்கலாம். பதிவு செய்ய வேண்டிய முதலாளி செய்யாமல் இருப்பதும், லெவியைக் கட்டாமல் விடுவதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

கட்டிய லெவி நிறுவனத்தின் பெயரிலேயே பயிற்சிக்காக நிற்கிறது. தொழிலாளர்களைக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பலாம், தொழில் பழகுநரை எடுத்துப் பயிற்றலாம், அனுபவமுள்ளவர்களுக்கு எஸ்.கே.எம். சான்றிதழ் வாங்கித் தரலாம். எடுக்காமல் விட்டால் அது ரொக்கமாகத் திரும்பி வராது. நம் சிறுதொழில் முதலாளிகளில் லெவியை இன்னொரு வரி என்று நினைத்து மாதா மாதம் கட்டிவிட்டு, ஒரு காசுகூட எடுக்காதவர்கள் இருக்கிறார்கள். உணவகம், லோரி நிறுவனம், அச்சகம், வாகனப் பட்டறை நடத்துவோர் தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நிபந்தனை முக்கியம்: பயிற்சி தொடங்குவதற்கு முன்பே இணையம் வழி விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். ஆளை அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கேட்டால் கிடைக்காது. "நாங்களே எல்லாப் பாரத்தையும் நிரப்புகிறோம், ஆள் வராவிட்டாலும் பரவாயில்லை" என்று எந்தப் பயிற்சி முகவராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பொய்க் கணக்கில் கையெழுத்திட்டவரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

கைவேலை தெரியும், சான்றிதழ் இல்லை என்பவர்களுக்கு

பி.பி.டி. எனப்படும் முன்னனுபவ அங்கீகாரம், தோட்டத்திலிருந்து வெளியேறிய நம்மவர்களுக்கு மிகவும் பொருந்தும் வழி. அன்றைய தோட்டப் பட்டறையில் யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஃபோர்மேன் பக்கத்தில் நின்று பார்த்து, திட்டு வாங்கி, கற்றுக்கொண்டார்கள். டிராக்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுபவர், ஆலையில் வெல்டிங் செய்பவர், வீட்டிலேயே இருபது ஆண்டுகள் ரவிக்கை தைத்துத் தருபவர், கல்யாண வீட்டுக்குச் சமைப்பவர் ஆகியோர் மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு தொழிலுக்கும் ஜே.பி.கே. ஒரு தர வரையறை வைத்திருக்கிறது. அந்தத் தொழிலைச் செய்பவருக்கு என்னென்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் அது. விண்ணப்பிப்பவர், தமக்கு அவை தெரியும் என்பதற்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுக்க வேண்டும். செய்த வேலையின் புகைப்படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த பில், முன்பு சென்ற பயிற்சிகளின் சான்றுகள் ஆகியவை ஆதாரங்களாகும். மதிப்பீட்டாளர் கோப்பைப் பார்த்து, கேள்வி கேட்டு, தேவைப்பட்டால் வேலையைச் செய்துகாட்டச் சொல்வார். போதாத பகுதி இருந்தால் அதை மட்டும் நிறைவு செய்ய வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது விண்ணப்பிக்கும் நிலையைப் பொறுத்தது.

பலர் தடுமாறுவது வேலையில் அல்ல, கோப்பில்தான். மலாயில் எழுதத் தயங்கிக் கைவிடுகிறார்கள். அந்த இடத்தில் வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் உட்கார்ந்து உதவலாம். பழைய தோட்டம் விற்கப்பட்டு நிர்வாகமே இல்லாமல் போயிருந்தால், இபிஎப் கணக்கு அறிக்கையில் உள்ள முதலாளி பெயரும் ஆண்டுகளும் வேலை செய்ததைக் காட்ட உதவும். லெவி கட்டும் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள், இதன் செலவை எச்.ஆர்.டி. கோர்ப் வழி ஏற்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்க வேண்டும். அதற்கென்றே ஒரு திட்டம் அங்கே இருக்கிறது.

முழுநேரம் படிக்க விரும்புவோர்

மனிதவளத் துறையின் கீழ் உள்ள ஐ.எல்.பி., அட்தெக் நிலையங்களும் பினாங்கு புக்கிட் மின்யாக்கில் உள்ள ஜப்பான்–மலேசியத் தொழில்நுட்ப நிலையமும் அரசாங்க நிலையங்கள் என்பதால் தனியார் கல்லூரிகளைவிடக் கட்டணம் மிகக் குறைவு. பலவற்றில் தங்கும் விடுதி உண்டு. இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சின் கீழ் ஐ.கே.பி.என்., கல்வி அமைச்சின் கீழ் தொழிற்கல்லூரிகள், உயர்கல்வி அமைச்சின் கீழ் போலிடெக்னிக், சமூகக் கல்லூரிகள் உள்ளன. வெவ்வேறு அமைச்சுகளின் நிலையங்களுக்கு யு.பி.டிவெட் எனும் ஒரே இணையத்தளம் வழி விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் நம்பி இருக்காமல், தகுதியுள்ள எல்லா இடங்களையும் தேர்வு செய்வது நல்லது.

சமூகக் கல்லூரிகளின் குறுகிய காலப் பயிற்சிகள் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்தவை. கேக் செய்வது, தையல், குளிர்சாதனப் பராமரிப்பு போன்றவற்றைக் குறைந்த கட்டணத்தில் கற்கலாம். பள்ளியைப் பாதியில் விட்ட இளையோருக்கு, உலு சிலாங்கூர் கலும்பாங்கில் உள்ள மைஸ்கில்ஸ் அறவாரியமும் ஷா ஆலம் மொண்ட்ஃபோர்ட் நிலையமும் தங்கிப் பயிலும் வாய்ப்பைத் தருகின்றன.

பி.டி.பி.கே. கடன்: கையெழுத்துக்கு முன் படியுங்கள்

தனியார் மையங்களில் எஸ்.கே.எம். படிக்கப் பணமில்லாதவர்களுக்கு, திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. கடன் தருகிறது. இது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் இது கடன். மாணவர் பெயரில் நிற்கும். திருப்பிக் கட்ட வேண்டும்.

"எல்லாம் இலவசம், மாதம் கைச்செலவுக்கும் பணம் உண்டு" என்று ஆள் சேர்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டு, என்ன பாரம் என்று தெரியாமலேயே கையெழுத்திட்டவர்கள் உண்டு. படிப்பைப் பாதியில் விட்டாலும் மையம் மூடப்பட்டாலும் கடன் கடிதம் வீட்டுக்குத்தான் வரும். எனவே மூன்று விஷயங்களை உறுதி செய்யுங்கள்.

ஒன்று: ஜே.பி.கே. அங்கீகாரம் மையத்துக்குப் பொதுவாகக் கிடைப்பதல்ல. குறிப்பிட்ட தொழிலுக்கு, குறிப்பிட்ட நிலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தரப்படுகிறது. உங்கள் பிள்ளை சேரும் படிப்புக்கு அது இன்னும் செல்லுபடியாகிறதா?

இரண்டு: மொத்தக் கடன் எவ்வளவு? அதில் கட்டணம் எவ்வளவு, கைச்செலவு எவ்வளவு?

மூன்று: இதே படிப்பு அருகிலுள்ள அரசாங்க நிலையத்தில் இருக்கிறதா? இருந்தால் கடனே தேவைப்படாது.

வேலை இழந்தவர்களுக்கு

1.1.2018 முதல் நடப்பில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தைச் சொக்சோ நிர்வகிக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் தலா 0.2 விழுக்காடு சந்தா கட்டுகிறார்கள். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல் போன்ற காரணங்களால் வேலை போனால், வேலை தேடும் காலத்துக்கு அலவன்ஸ் கிடைக்கும். அத்துடன் வேறு தொழில் கற்கப் பயிற்சிக் கட்டணமும், வகுப்புக்குப் போகும் நாள்களுக்குப் படியும் பெறலாம். திட்டம் தொடங்கியபோது பயிற்சிக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000 வெள்ளி.

வேலை போன 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம்மவர்கள் உரிமையை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தாமாக வேலையை விட்டவர்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்களுக்கும் இது கிடைக்காது. ஆகவே ஆட்குறைப்பு செய்யும் முதலாளி "ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிடு" என்று கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள்.

மின்சாரம், கட்டுமானம்: இன்னொரு படி உண்டு

எஸ்.கே.எம். கிடைத்ததும் எல்லா வேலையையும் சொந்தப் பெயரில் செய்துவிட முடியாது. வயரிங் வேலைக்கு எரிசக்தி ஆணையம் வழங்கும் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒற்றை முனைக்கும் மும்முனைக்கும் அது தனித்தனி. சார்ஜ்மேனுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. கட்டுமானத் தளத்தில் வேலை செய்ய சி.ஐ.டி.பி. பதிவு அட்டை தேவை. மின்சாரத் தொழில் படிக்கப் போகும் பிள்ளை, அந்த மையத்தின் படிப்பு ஆணையத்தின் தேர்வுக்கு வழிவிடுமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

அடையாள அட்டை, எஸ்.பி.எம். அல்லது கடைசியாகப் படித்த வகுப்பின் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், பெற்றோரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்திருங்கள். அனுபவ அங்கீகாரத்துக்குச் செல்பவர்கள் மேலே சொன்ன ஆதாரக் கோப்பையும், வேலை இழந்தவர்கள் பணிநீக்கக் கடிதத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுடன் பெற்றோர் ஒருவர் போவது நல்லது.

கட்டண விகிதங்களும் சேர்க்கைத் தேதிகளும் மாறக்கூடியவை. எனவே விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சான்றிதழுக்கும் அங்கீகாரத்துக்கும் ஜே.பி.கே., லெவிக்கு எச்.ஆர்.டி. கோர்ப், கடனுக்கு பி.டி.பி.கே., வேலை இழப்புக்குச் சொக்சோ, ஒப்பந்தத் தகராறுக்குத் தொழிலாளர் துறை. இந்த ஐந்து பெயர்களையும் எழுதித் தோட்டத்து ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தால், அலைச்சல் பாதி குறையும்.