மாலா-டி அட்டையும் கூத்தாண்டவர் ஊரும்

1999. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். என்னோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் உள்ளே போய், "அக்கா வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று ஒரு மாலா-டி அட்டை வாங்கினார். அவருக்கு அக்கா கிடையாது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. அவர் திருநங்கை என்று எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது. இதை எழுதலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

வழக்கமாக பாடலீஸ்வரர் கோயில் கல்வெட்டு, பழைய தென்னார்க்காடு கெசட்டியர் என்றுதான் எழுதுவேன். இந்த முறை அந்த அட்டையின் கதை.

மாலா-டி அரசாங்கத்தின் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளம்பரம் ஞாபகம் இருக்கும். அட்டையில் 28 மாத்திரை. 21-ல் ஹார்மோன்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம். மீதி 7 வெறும் இரும்புச்சத்து. ஜனத்தொகையைக் குறைக்க வந்த இந்த அட்டைதான், யாரும் திட்டமிடாமலே, இந்தியாவில் பல திருநங்கைகளுக்கு முதல் ஹார்மோன் சிகிச்சை ஆனது. மூத்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள், இளையவர்கள் விழுங்குவார்கள். டாக்டர் நடுவில் வருவதே இல்லை.

சிக்கல் அந்த எத்தினைல் எஸ்ட்ரடயாலில் இருக்கிறது. 1938-ல் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் உருவானது. உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் எஸ்ட்ரடயாலை வாய்வழியே சாப்பிட்டால் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடும். இதை அவ்வளவு எளிதில் சிதைக்க முடியாது, அதுதான் இதன் பெருமை. ஆனால் அதே காரணத்தால் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. கருத்தடைக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்றால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வராது. மார்பு சீக்கிரம் வளரணும்னு நாலு போட்டால் கதை வேறு. இதில் இன்னொரு வேடிக்கை, கூட இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குக் கொஞ்சம் ஆண் ஹார்மோன் குணம் உண்டு. ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்த மாதிரி.

2003-ல் நண்பருக்கு இடது கெண்டைக்கால் வீங்கியது. ரத்தக்கட்டு. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு "இல்ல சார்" என்றிருக்கிறார். போன மாதம் இதைச் சொன்னபோது, ஏன் மறைச்சே என்று கேட்டுவிட்டேன். "சொன்னா அடுத்த கேள்வி வருமே. எவ்ளோ போடணும்னு அப்ப யாரைடா போய் கேக்கறது?"

யாரைக் கேட்பது என்பது பழைய கேள்வி. 1939-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மைக்கேல் டில்லன் என்ற திருநம்பி, ஜார்ஜ் ஃபாஸ் என்ற மருத்துவரிடம் டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். ஆணாக மாற அதை எடுத்துக்கொண்டவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் அவர்தான். ஆய்வகத்தில் அந்த ஹார்மோனைச் செயற்கையாகச் செய்து நாலே வருடம்தான் ஆகியிருந்தது. பின்னாளில் டப்ளினில் படித்து அவரே டாக்டரானார். 1958-ல் பத்திரிகைகள் அவர் கதையை வெளியிட, இந்தியாவுக்கு ஓடிவந்து பௌத்தத் துறவியானார். 1962-ல் டல்ஹவுசியில் இறந்தார்.

நம்ம ஊருக்கு வருவோம். கூவாகம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர், கடலூர்தான் அதற்குத் தலைநகரம். 1993-ல் மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரத்துக்குப் போனது, 2019 முதல் கள்ளக்குறிச்சி. சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலும் கூத்தாண்டவருக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இந்த மண்ணில் அவர்களுக்குச் சடங்கில் இடம் இருந்தது, மருத்துவத்தில் இல்லை. அதனால் மருத்துவத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்: தாயம்மா கையால் நிர்வாணம், மயக்க மருந்து கிடையாது, பிறகு நாற்பது நாள் பத்தியம்.

அரசாங்கத்தின் கண்ணில் பட்டதும் அந்தக் கத்திதான். 2008 ஏப்ரல் 15-ல் நலவாரியம் வந்தது, அதையொட்டி அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவை சிகிச்சையும் வந்தது. நாட்டுக்கே முன்னோடி, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அறுவை ஒரு நாள் வேலை. விதைகளை எடுத்தபின் உடம்பில் ஆண் ஹார்மோனும் குறைவு, பெண் ஹார்மோனும் குறைவு. வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் எலும்பு தேய்கிறது. பல வருடங்களுக்கு முன் நிர்வாணம் ஆனவர்களின் இடுப்பு வலிக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்?

மத்திய அரசின் 2019 திருநர் சட்டம், 15-ம் பிரிவில் ஹார்மோன் சிகிச்சையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதற்குக் காப்பீடும் வேண்டும் என்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநருக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும். நாலு தடவை போய் வந்தால் 1,600 கிலோமீட்டர், நாலு நாள் கூலியும் போச்சு.

தேவைப்படும் மருந்தோ சாதாரணமானது. எஸ்ட்ரடயால், மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுப்பதுதான். ஸ்பைரனோலாக்டோன், ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் கொடுப்பது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையால் முடியாத காரியம் இதில் எதுவும் இல்லை. 45 கிலோமீட்டரில் சிதம்பரம் மருத்துவக் கல்லூரியை 2021-ல் அரசே எடுத்துக்கொண்டது. புதுக் கட்டடம் வேண்டாம், வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்கினால் போதும் என்பது என் கணக்கு.

நண்பர் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்னை போய் வருகிறார். பழைய ரத்தக்கட்டு காரணமாக மாத்திரை இல்லை, தோலில் தடவும் ஜெல். ஃபைலைக் காட்டினார். முதல் பக்கத்தில், முன்பு எடுத்த மருந்துகள் என்ற இடத்தில், டாக்டர் கையெழுத்தில் ஒரு வரி: மாலா-டி, 1999 முதல் 2003 வரை, தினம் நாலு.