இரும்பில் பொறித்த தேதி

பழைய ரிவால்வர் ஒன்றின் வயதைக் கணிக்க, முதலில் அதன்மேல் பொறித்திருக்கும் தேதியை ஒதுக்கிவிட வேண்டும். சேகரிப்பாளர்களுக்கான கையேடுகள் இதை ஒரு எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு வரிசை எண் அட்டவணைக்குப் போய்விடுகின்றன. நான் சேகரிப்பாளன் அல்லன். இந்தத் துறையில் எனக்கு ஏற்பட்ட அக்கறை வேறு காரணம் பற்றியது. ஒரு பொருள் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதற்கும், தன்னையறியாமல் காட்டிக்கொடுப்பதற்கும் இடையே உள்ள தூரம் இங்கே கைக்கு எட்டும்படி ஸ்தூலமாக இருக்கிறது.

சாமுவேல் கோல்ட்டின் 1851 நேவி மாடலைப் பார்ப்போம். குண்டுகள் அடைக்கும் சுழல் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்ச் சித்திரம் ஓடுகிறது. கூடவே 1843 மே 16 என்று ஒரு தேதி. சித்திரத்தைச் செதுக்கியவர் வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி, வங்கி நோட்டுகளுக்குத் தகடு செதுக்கித் தேர்ந்தவர். அன்று காம்பெச்சே அருகே டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோவின் கப்பல்களோடு மோதின. டெக்சாஸ் கடற்படையிடம் இருந்தவை கோல்ட் முன்பு பேட்டர்சன் நகரில் செய்த ஐந்து குண்டு ரிவால்வர்கள். அந்தக் கம்பெனி 1842லேயே நொடித்துவிட்டது. சித்திரத்தைத் தாங்கிய மாடலோ 1850இல்தான் உற்பத்திக்கு வந்தது. தான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு போரின் தேதியை அது சுமக்கிறது. ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலையில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட இந்த மாடலில் பெரும்பகுதி கடலையே கண்டிருக்காது. பெயர் மட்டும் நேவி.

அடுத்து வந்த 1860 ஆர்மி மாடலின் குழல்மேல் ஒரு விலாசம் இருக்கிறது: கர்னல் சாமுவேல் கோல்ட், நியூயார்க். தொழிற்சாலை இருந்தது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில். கர்னல் என்பது அம்மாநில கவர்னர் கொடுத்த பட்டம். எந்தப் போர்க்களத்திலும் சம்பாதித்ததல்ல. கோல்ட் இறந்தது 1862 ஜனவரி 10ஆம் தேதி. அதற்குப் பிறகும், 1873இல் இந்த மாடல் நிற்கும்வரை, இறந்தவரின் பெயரும் விலாசமும் குழல்களில் பதிந்துகொண்டே இருந்தன.

1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் சட்டத்தில் தேதிகள் இன்னும் கறாராக நிற்கின்றன. 1871 செப்டம்பர் 19, 1872 ஜூலை 2. சில வருஷங்களுக்குப் பின் செய்தவற்றில் 1875 ஜனவரி 19ம் சேர்ந்துகொள்கிறது. மூன்றும் பேட்டண்ட் தேதிகள். துப்பாக்கி எப்போது செய்யப்பட்டது என்பதை அவை சொல்வதில்லை. இதைக் காப்பியடிக்காதே என்று போட்டிக் கம்பெனிக்குச் சொல்கின்றன. 1890இல் செய்த துப்பாக்கியும் தன்னை 1871 என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஆனால் மூன்றாவது தேதி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் வயதைக் கொஞ்சம் குறுக்கித் தருகிறது. தேதி சொல்வதைவிட அது அங்கே இருப்பதே பயனுள்ள சாட்சி.

ஆக, பிரகடனங்கள் எல்லாம் கைவிட்டுவிடுகின்றன. மீதி இருப்பவை தொழிற்சாலை தன் வசதிக்காக இட்டுக்கொண்ட குறிகள்: சட்டத்திலும் விசைக்காப்பிலும் கைப்பிடியின் பின்பட்டையிலும் வெட்டிய வரிசை எண், பரிசோதகரின் முதலெழுத்துகள், குழல் செருகும் ஆணியின் திருகு எந்தத் திசையில் இருக்கிறது என்பன போன்றவை. இவை நமக்காக எழுதப்பட்டவை அல்ல. வயதும் இவற்றிலிருந்துதான் கிடைக்கிறது. உபயோகமும் தன் பங்குக்கு எழுதுகிறது. தோலுறையில் உரசி உரசிக் குழல்முனையின் நீலப்பூச்சு போயிருக்கும். பின்னால் ஒருவன் பளபளப்பாக்க முயன்றிருந்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகுத் துளையின் விளிம்பு கிண்ணம்போல் குழிந்திருக்கும். கை பட்ட இடம், தோல் பட்ட இடம், அரம் பட்ட இடம் எல்லாம் வேறு வேறு விதமாகத் தேயும். கூர்ந்து பார்க்கிறவன் மூன்றையும் பிரித்துவிடலாம்.

இதுவரை சேகரிப்பாளனும் சரித்திரக்காரனும் ஒரே வழியில் போகிறார்கள். பிரிவது விலையில். சேகரிப்பாளன் முதலில் கேட்பது, பாகங்களின் எண்கள் எல்லாம் பொருந்துகின்றனவா என்பது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் இருந்தபடியே இருப்பதற்குத்தான் உச்ச விலை. அதற்குப் பின் அதற்கு ஒன்றும் நேராமல் இருந்திருக்க வேண்டும். அதாவது சரித்திரம் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

ராணுவத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களுக்கோ நிறைய நேர்ந்துவிட்டது. 1892இல் ராணுவம் 0.38 அங்குல ரிவால்வருக்கு மாறியபின், பழைய 0.45 ரிவால்வர்கள் கிடங்குகளில் குவிந்தன. 1895 முதல் அவற்றை ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆயுதசாலையிலும் கோல்ட் தொழிற்சாலையிலும் பிரித்து, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரையாக வெட்டி, மறுபடி பூட்டினார்கள். எந்தச் சட்டம் எந்தக் குழலோடு வந்தது என்று ராணுவப் பட்டறை பெரிதாகக் கவலைப்படவில்லை. பெரும்பாலானவற்றில் எண்கள் கலந்தன. சேகரிப்பாளர்கள் ஆர்ட்டிலரி மாடல் என்று சொல்லும் இவை 1898இல் ஸ்பெயினோடு நடந்த யுத்தத்துக்கும், அதைத் தொடர்ந்து பிலிப்பைன்ஸ் தீவுகளைக் கீழ்ப்படுத்திய யுத்தத்துக்கும் போயின. எண்கள் பொருந்தாமலிருப்பது இந்தத் துப்பாக்கியின் குறையல்ல. அதன் பிராயாணச் சீட்டு.

அதே வகையில் இன்னொரு குறி இருக்கிறது. 1873இல் ராணுவம் முதலில் கேட்ட 8,000 துப்பாக்கிகளைச் சோதித்தவர்களில் ஓர்வில் ஐன்ஸ்வொர்த் ஒருவர். அவருடைய ஓ.டபிள்யூ.ஏ. என்ற மூன்றெழுத்து மரக் கைப்பிடியில் தெரிந்தால் விலை தாவுகிறது. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டாக்களிடமும் ஷையேன்களிடமும் கஸ்டரும் அவர் உடனிருந்த சுமார் 210 பேரும் மாண்டார்களே, அந்த ஏழாவது குதிரைப்படைக்குக் கொடுத்த துப்பாக்கிகளில் அவர் சோதித்தவை உண்டு என்பதே காரணம். ஆகவே ஒரு தொழில் நடக்கிறது. வெட்டிய குழலை எறிந்துவிட்டு நீளக் குழல் பொருத்துவது, பொருந்தாத எண்களை அரத்தால் ராவிவிட்டுப் புது எண் வெட்டுவது, ஆர்ட்டிலரியைக் குதிரைப்படையாக்குவது. இதைப் போலி என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. ஒரு யுத்தத்தைத் தேய்த்து அழித்து அந்த இடத்தில் இன்னொன்றை எழுதுகிறார்கள். பிலிப்பைன்ஸில் கொன்றதற்குச் சந்தையில் கிராக்கி இல்லை. கஸ்டர் கதைக்கு இருக்கிறது.

லிட்டில் பிக்ஹார்ன் விஷயத்தில் அந்தக் கதையே எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். குன்றின்மேல் கடைசி மூச்சுவரை ஒழுங்காக நின்று போராடிய வீரன் என்ற சித்திரம் ஓவியங்களிலும் சினிமாவிலும் பரவியது. எதிர்த்துப் போரிட்டவர்கள் சொன்னது வேறு. ரெட் ஹார்ஸ் என்ற மினிகாஞ்சு லகோட்டாத் தலைவர் 1881இல் போரைச் சித்திரங்களாகவே வரைந்து கொடுத்திருக்கிறார். இத்தகைய சாட்சியங்கள் முரண்பாடானவை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டன. 1983இல் ஒரு புல்தீ அந்த மேட்டைத் துப்புரவாக்கியது. 1984, 1985 வருஷங்களில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் முதலியோர் அங்கே அகழ்ந்தார்கள். கிடைத்த தோட்டா உறைகளின் அடியில் அடிமுள் விட்டுப்போன தழும்பை மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கெங்கே நகர்ந்து சுட்டது என்று பின்தொடர்ந்தார்கள். எதிர்த்தரப்பிடம் தொடர்ந்து சுடும் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் ஏராளமாக இருந்தது தெரிந்தது. படையின் ஒழுங்கு சீக்கிரமே குலைந்துவிட்டது என்று ஃபாக்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். லகோட்டாக்களும் ஷையேன்களும் சொல்லிவந்ததற்கு மிக அருகில் இருந்தது அந்த முடிவு.

இங்கே பயன்பட்டதும் சேகரிப்பாளனின் அதே வித்தைதான்: உலோகத்தில் விழுந்த சின்னஞ்சிறு அடையாளத்தை மாடலோடும் எண்ணோடும் சேர்த்துப் படிப்பது. அவன் கேட்பது, இது எப்போது பிறந்தது. மண்ணைக் கிளறியவர்கள் கேட்டது, இது யார் கையில், எந்தத் திசையில், எத்தனை தடவை சுட்டது. முதல் கேள்விக்கு அட்டவணை பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குத் தழும்பு வேண்டும். தழும்புகளை விலைக்காக அரத்தால் ராவிக்கொண்டிருக்கும்வரை பழம்பொருளின் மீதான காதல் என்று அதற்குப் பெயர் சொல்வது சரியாகாது.