கொட்டிய பீரும் கோர்ட்டுக்குப் போன பெயரும்

ஒரு ஊர் ஜனங்களுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்கள்? மறியல், கடையடைப்பு, மிஞ்சிப் போனால் உண்ணாவிரதம். பில்சென் ஊர்க்காரர்கள் பீரைக் கீழே கொட்டினார்கள்!

வருடம் 1838. இடம், அன்றைக்கு ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்த பொஹீமியா. இன்றைக்கு அது செக் குடியரசு. பில்சென் நகரமன்றத்து வாசலில் 36 பீப்பாய் பீரை உருட்டிக்கொண்டு வந்து, ஊரே பார்க்கத் தெருவில் ஊற்றினார்கள். காரணம் ரொம்ப எளிமை. வாயில் வைக்க முடியவில்லை.

'குடி குடியைக் கெடுக்கும்' என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால், இது குடித்த கதை இல்லை சார், குடிக்க மறுத்த கதை. அந்த மறுப்பிலிருந்துதான் இன்று உலகத்தில் விற்கும் பீரில் மிகப் பெரும் பகுதி பிறந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1295ல் இரண்டாம் வென்ஸஸ்லாஸ் என்ற ராஜா பில்சென் நகரத்தை நிறுவினார். அங்கே பீர் காய்ச்சும் உரிமை வீட்டோடு சேர்ந்த சொத்து. சுமார் 260 வீட்டுக்காரர்களுக்கு அந்த பாக்கியம். அப்பா காலமானால் வீடு பிள்ளைக்கு. கூடவே பீர் உரிமையும் பிள்ளைக்கு. பிள்ளைக்குக் காய்ச்சத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. விளைவு? ஒருநாள் சுமார், மறுநாள் புளிப்பு, அடுத்த நாள் கழுநீர்.

பக்கத்து பவேரியாவில் நிலைமையே வேறு. அங்கே குளிர்ந்த நிலவறையில் மெதுவாகப் புளிக்கவைத்து, வாரக்கணக்கில் ஊறப்போட்டு எடுத்தார்கள். 'லாகர்' என்பது அதுதான். அந்த பீர் எல்லை தாண்டி வந்து பில்சென் கடைகளிலேயே விற்க ஆரம்பித்தது. ஆக, 36 பீப்பாய் விவகாரம் வெறும் நாக்குப் பிரச்னை அல்ல. சொந்த ஊரிலேயே பிழைப்பு போய்விடும் என்கிற பயம்.

உரிமைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஆளுக்கு ஆள் காய்ச்சியது போதும், எல்லோரும் சேர்ந்து ஒரே ஆலை கட்டுவோம் என்று 1839ல் முடிவானது. ஆலை தயார். வேலை தெரிந்த ஆள்? எதிரி ஊரிலிருந்தே கூட்டி வந்தார்கள். பவேரியாவின் வில்ஸ்ஹோஃபன் ஊரைச் சேர்ந்த யோசப் குரோல். வயது 29. பவேரியாவிலேயே இவன் மாதிரி முரடன் கிடையாது என்று பெற்ற அப்பாவே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. முரடனாக இருந்தால் என்ன, கை சுத்தம்!

குரோல் கொண்டு வந்தது பவேரிய முறையை. பில்சென் அவருக்குக் கொடுத்தது மற்ற எல்லாவற்றையும். உப்புச் சத்து மிகக் குறைவான மென்மையான தண்ணீர். பக்கத்து ஜாடெட்ஸ் வட்டாரத்தில் விளையும், மணமும் இதமான கசப்பும் கொண்ட ஹாப்ஸ் பூ. உள்ளூர் பார்லி. ஊருக்கு அடியில் குடைவதற்கு வாகான மணற்பாறை. முளைகட்டிய பார்லியை நேரடிப் புகையில் கருக்காமல், இங்கிலாந்துக்காரர்கள் பாணியில் சூடான காற்றில் பக்குவமாக உலர்த்தினார்கள். நிறம் வெளுத்தது.

1842 அக்டோபர் 5ந் தேதி முதல் அடுப்பு எரிந்தது. நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் சந்தையில் முதல் கோப்பை. எட்டிப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். அதுவரை அவர்கள் பார்த்த பீர் பெரும்பாலும் கறுப்பு, பழுப்பு, கலங்கல். இது தங்க நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது, மேலே வெண்ணெய் மாதிரி நுரை!

அப்புறம் 1861-62ல் ரயில் வந்தது. ஒரு பக்கம் பவேரியா, மறுபக்கம் பிராக். பீர் ஏறிப் போனது, புகழும் ஏறிப் போனது. கூடவே வில்லங்கமும் வந்தது. அங்கங்கே இருந்த ஆலைகள் எல்லாம் வெளிர் நிற பீர் காய்ச்சி 'பில்ஸ்னர்' என்று பெயர் ஒட்டின. 'பில்ஸ்னர்' என்றால் 'பில்சென் ஊருடையது' என்றுதான் அர்த்தம். தாமிரபரணித் தண்ணீரைக் கண்ணால் பார்க்காதவர்கூட 'திருநெல்வேலி அல்வா' என்று போர்டு மாட்டுகிறார் இல்லையா, அதே கதை.

பில்சென்காரர்கள் 1859லேயே பெயரைப் பதிவு செய்து பார்த்தார்கள். 1898ல் 'ஊர்க்வெல்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 'மூல ஊற்று' என்று பொருள். அதாவது 'ஒரிஜினல் இதுதானய்யா' என்ற கதறல். ம்ஹூம். 1899ல் ஜெர்மானிய நீதிமன்றம் சொல்லிவிட்டது: பில்ஸ்னர் என்பது இனி ஊரின் பெயரல்ல, ஒரு ரகத்தின் பெயர். ஒரு ஊர் தன் பெயரையே தோற்றது.

குரோல் என்ன ஆனார்? 1845ல் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பி அப்பாவின் ஆலையைக் கவனித்துக்கொண்டார். 1887ல் உள்ளூர் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தபோதே உயிர் போனது.

பில்சென் ஆலையும் நிறையப் பார்த்துவிட்டது. 1946ல் அரசுடைமை. 1989ல் கம்யூனிஸ்ட் ஆட்சி போனபின் தனியார்மயம். 90களில் ஓக் மரப் பீப்பாய்களுக்கு பதில் ராட்சச எஃகுத் தொட்டிகள். 1999ல் தென்னாப்பிரிக்க நிறுவனம் வாங்கியது. 2017ல் ஜப்பானின் அசாஹி கைக்குப் போனது. பெயர் போச்சு, மரம் போச்சு, முதலாளியும் மாறியாச்சு. அப்படியானால் 'உள்ளூர் பீர்' என்று அங்கே என்னதான் மிச்சம்?

இருக்கிறது. அதைத் தேடுவதற்குத்தான் பயணம்.

நம்மில் சிலர் பிராக் போனாலும் மெனுவில் விரல் வைத்து, ஊரில் பார்த்த பெயரைத்தான் தேடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செக் மக்கள் மற்ற ஆலைகளின் வெளிர் பீரை 'ஸ்வெட்லி லெஷாக்' என்பார்கள். பில்சென் என்று கேட்டால் பில்சென் ஊர்ச் சரக்கு மட்டும்தான் வரும். கோர்ட் என்ன சொன்னால் என்ன, ஜனங்கள் பெயரை விட்டுக் கொடுக்கவில்லை! மெனுவில் 10, 12 என்று எண் இருந்தால் மிரளாதீர்கள். அது போதை சதவிகிதம் அல்ல, காய்ச்சும் முன் சாற்றில் இருந்த சத்தின் அளவு. பில்சென் பீர் 12 டிகிரி. ஆல்கஹால் என்னவோ 4.4 சதவிகிதம்தான். 'டாங்கோவ்னா' என்ற பலகை கண்ணில் பட்டால் உள்ளே போகலாம். சூடுபடுத்திப் பதப்படுத்தாத பீர், ஆலையிலிருந்து நேராகத் தொட்டிக்கு வந்திருக்கும். காரை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். அங்கே வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம்.

நேரம் இருந்தால் பில்செனுக்கே ரயில் ஏறிவிடுங்கள். ஆலைக்கு அடியில் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் சுரங்க நிலவறைகள். ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். அங்கே இன்னமும் சில ஓக் பீப்பாய்களில் பழைய முறைப்படி பீர் ஊறிக்கொண்டிருக்கிறது. எஃகுத் தொட்டிச் சரக்கின் ருசி தடம் மாறிவிடவில்லையே என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு வடிகட்டாமல் அதிலிருந்தே ஒரு கோப்பை பிடித்துத் தருவார்கள். லேசான கலங்கல், கொஞ்சம் தூக்கலான கசப்பு. கடையில் சாதாரணமாகக் கிடைக்காது.

பெயரைக் கோர்ட் பறிக்கலாம், ஆலையை ஜப்பான் வாங்கலாம். முதலாளி யாராக இருந்தாலும் ருசி பார்க்க அந்தப் பீப்பாய்க்குத்தான் இறங்கி வந்தாக வேண்டும். பில்சென்காரர்களுக்கு நாக்குதான் நீதிபதி. தீர்ப்பு பிடிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதைத்தான் 1838லேயே பார்த்துவிட்டோமே!