கடவுளை எந்தச் சொல்லால் அழைத்தோம்?



சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "டீச்சர், குடும்ப ஜெபத்துல பழைய வேதாகமத்தைத்தான் வாசிக்கணும்னு அத்தை சொல்றாங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே புரியல. புது மொழிபெயர்ப்பை எடுத்தா, 'இதெல்லாம் வேதமா'ன்னு கோபப்படுறாங்க. நான் யார் பக்கம் நிக்கிறது?"

இந்த வழக்கு பல வீடுகளில் இருக்கிறது. நம் உறவிலும் உண்டு. அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கிறிஸ்தவர் அல்லாத என் மாணவர்களும் வாசியுங்கள். இது தமிழ் நடந்து வந்த பாதையும்கூட.

1578இல் கொல்லத்தில் ஒரு சிறிய தமிழ்ப் புத்தகம் அச்சானது. மொத்தம் 16 பக்கம். அன்றாட ஜெபங்களும் உபதேசமும் அடங்கிய அந்த நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. கொடுத்தவர் அண்டிரிக் அடிகளார். கடவுளுக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல்லைப் பாருங்கள்: தம்பிரான்! நம் மண்ணில் ஏற்கெனவே மரியாதையோடு புழங்கிய சொல் அது.

1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது 24கூட நிரம்பவில்லை. ஒரு வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தேடிப் பிடித்தார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதிப் படித்தார். ஆசிரியர் தொழிலில் இருந்த எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான். போதிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார்.

இரண்டே ஆண்டில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். நடுவில் டேனிஷ் தளபதியோடு ஏற்பட்ட மோதலில் நான்கு மாதம் சிறைவாசம். 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. கையிலிருந்த காகிதம் போதவில்லை. பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை வந்தபோது, 1719இல், 36 வயதில் அவர் காலமானார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த ஷூல்ச்.

சீகன்பால்கு கடவுளைச் 'சர்வேசுரன்' என்று எழுதினார். அடுத்து சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த பப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். தாயுமானவரின் பராபரக்கண்ணியைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். 1772இல் வந்த அவருடைய புதிய ஏற்பாட்டை மக்கள் உயிராய் நேசித்தார்கள்.

அதனால்தான் திருநெல்வேலி ரேனியஸ் ஐயர் அதைத் திருத்தி, பொருள் விளங்கும்படி எளிய தமிழில் எழுத முயன்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. முன்னால் நின்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். எத்தனையோ கீர்த்தனைகளை நமக்குத் தந்த பெரிய கவிஞர். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறு வயதிலிருந்து எந்தச் சொற்களால் ஜெபித்தாரோ, அந்தச் சொற்களையே மாற்றுகிறார்களே என்று அவருக்கு வலித்தது.

யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குத் துணை நின்ற தமிழறிஞர் யார் தெரியுமா? சைவத்துக்காகப் பிற்காலத்தில் ஓயாமல் வாதாடிய ஆறுமுக நாவலர்தான்! பிறகு பவர் ஐயர் தலைமையில், முத்தையா பிள்ளையின் துணையோடு, பல சபைகளும் கூடி உருவாக்கிய வேதாகமம் 1871இல் வந்தது. அதில் 'பராபரன்' இல்லை, 'தேவன்' இருந்தது. அப்போதும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. லுத்தரன் சபையார் நெடுங்காலம் பப்ரீசியஸை விடவே இல்லை.

இன்று அத்தை கையில் இருக்கும் 'பழைய வேதாகமம்' இந்த 1871ஆம் ஆண்டுப் புத்தகத்தின் வழி வந்ததுதான். அதுவும் ஒரு காலத்தில் 'புதுசு' என்று முகம் சுளிக்கப்பட்டது. 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் 'கடவுள்' என்று வாசிக்கிறோம். தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள். சொல் மாறிக்கொண்டே வந்தது. அழைக்கப்பட்டவர் மாறவில்லை.

வேதத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. நெகேமியா 8ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் தண்ணீர் வாசலுக்கு முன்னால் கூடுகிறார்கள். எஸ்றா காலையிலிருந்து நடுப்பகல் வரை வாசிக்கிறார். வாசித்ததோடு விடவில்லை. லேவியர்கள் ஜனங்களுக்குப் பொருள் சொல்கிறார்கள். புரிந்த பிறகுதான் ஜனங்கள் அழுகிறார்கள். அழ வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று அனுப்புகிறார்கள். வாசிப்பு, விளக்கம், கண்ணீர், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போகும் ஒரு பங்கு சாப்பாடு. அன்றாட விசுவாசம் என்று நான் புரிந்துகொண்டது இந்த வரிசையைத்தான். இதில் விளக்கம் என்ற ஒரு படி விட்டுப்போனால், அடுத்த இரண்டும் வருவதில்லை.

என் தாயார் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. கோயிலில் கேட்டுக் கேட்டே 23ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்தவர். அடுப்பு ஊதும்போதும் அதுதான், யாருக்காவது காய்ச்சல் என்றாலும் அதுதான். அந்தப் பழைய சொற்களை அவரிடமிருந்து யாரும் பறித்திருக்கக் கூடாது. ஆனால் 'ஆக்கினை' என்றால் என்ன, 'இரட்சண்யம்' என்றால் என்ன என்று கேட்கும் பத்து வயதுப் பிள்ளையை, "பேசாமல் வாசி" என்று அடக்கினால், அவனிடமிருந்தும் ஒன்றைப் பறிக்கிறோம்.

ஆகவே என் மாணவிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். யார் பக்கமும் நிற்க வேண்டாம். அத்தை பழையதில் வாசிக்கட்டும். அதே பகுதியைப் பேரப்பிள்ளை புதியதில் வாசிக்கட்டும். பிறகு, "இதை உன் வார்த்தையில் சொல்லு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். மணலில் எழுதிப் படித்த அந்த மனிதர் பட்ட பாடும் இதற்காகத்தான்.

உங்கள் வீட்டில் எந்த வேதாகமம் வாசிக்கிறீர்கள், பாட்டி தாத்தா கடவுளை எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாக வாசிப்பேன்.

ஜெபத்துடனும் அன்புடனும்,
உங்கள் டீச்சர்.