பொடி தட்டிப் படம் பெயர்த்தல்

தாளில் வரைந்த படத்தை ஊசித்துளைகள் வழியே பொடி தட்டிச் சுவருக்கோ துணிக்கோ பலகைக்கோ மாற்றும் முறை இது. கோடுகள் நெடுக நெருக்கமாகக் குத்திய தாளை உரிய இடத்தில் விரித்து, கரித்தூள் கட்டிய துணிமுடிப்பால் மேலே தட்டுவார்கள். தாளை எடுத்தால் அடியில் புள்ளி வரிசை நிற்கும். அதைக் கோடாக்குவது கைத்திறன். தேர்ந்தவர் இழுத்த கோடு ஓடும், தேறாதவர் கோடு புள்ளிக்குப் புள்ளி தடுக்கும்.

சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் திரும்பத் திரும்ப வரும் புத்தர் உருவங்களுக்கு இம்முறை உதவியது. அங்கே 1900இல் வெளிப்பட்ட 17ஆம் குகையின் சுவடி அறையில், புத்தர் உருவம் துளையிட்ட தாள்களும் கிடைத்தன.

இத்தாலியில் இதற்கு ஸ்போல்வெரோ என்று பெயர். ஈரச் சாந்தின்மேல் தீட்டும் சுவரோவியத்தில், அன்றன்று பூசிய பகுதியை அது காய்வதற்குள் முடித்தாக வேண்டும். யோசித்து யோசித்து வரைய நேரமில்லை. அதனால் முழு அளவு மாதிரிப்படத்தை முன்பே தயாரித்துக்கொண்டார்கள். வத்திக்கானில் ரஃபேல் தீட்டிய 'ஏதென்ஸ் பள்ளி'க்கான மாதிரிப்படம் மிலானின் அம்புரோசியானா காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 8 மீட்டர் அகலம். பல தாள்களை ஒட்டிச் செய்தது; உருவங்கள் மட்டுமே உண்டு, கட்டடம் இல்லை. முன்வரிசையில் கன்னத்தில் கைவைத்துச் சிந்திக்கும் ஹெராக்ளிட்டஸையும் அதில் காண முடியாது. அவர் பிறகு சுவரில் சேர்க்கப்பட்டவர். கோடுகள் குத்தப்பட்டிருந்தும் தாளில் கரி அப்பவில்லை. அடியில் வேறு தாள் வைத்துச் சேர்த்துக் குத்தி, அந்தத் தாளையே சுவருக்குக் கொண்டுபோனதால் மூலப்படம் தப்பியது. கலை வரலாற்றுக்கு இது பெரும் பேறு. சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோவும் இம்முறையைக் கையாண்டார். சில இடங்களில் கோட்டின்மேல் அழுத்திச் சாந்திலேயே தடம் பதித்தார்.

முகலாயர் கால நுண்ணோவியர்கள் ஒளி ஊடுருவும் மான்தோலில் துளையிட்டு உருவங்களைக் காத்து வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் இன்று இம்முறை ஆரி என்னும் பூத்தையல் வேலையில் வாழ்கிறது. மணப்பெண் ரவிக்கைக்கான கொடியையும் மயிலையும் ட்ரேசிங் பேப்பரில் வரைந்து குத்துகிறார்கள். ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் அடர்நிறத் துணியில் வெண்புள்ளிகள் விழும். வெளிர்நிறத் துணிக்கு நீலம் கலப்பார்கள். குத்திய தாள் கிழியும்வரை அடுத்தடுத்த ரவிக்கைகளுக்கும் பயன்படும். இடக்கைக்குக் குத்திய தாளைப் புரட்டிப் போட்டால் வலக்கைக்கும் அதே கொடி எதிர்ப்பக்கமாக அமைந்துவிடும்.