கடற்பாலத்தைக் கடக்க என்ன பத்திரம் வேண்டும்?

“சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த நாள் 9 ஆகஸ்ட் 1965.” வரலாற்றுத் தாளில் இதை யாரும் தவறவிடுவதில்லை. சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். அதற்கு மறுநாள் பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் ரயிலேறி, கிம்மாசில் வண்டி மாறி, சிங்கப்பூரில் போய் இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடப்பிதழ் காட்ட வேண்டியிருந்ததா?

ஆசிரியர்களே, வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “ஆமா சார், வேற நாடாச்சே!” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது 1967-இல்தான். அந்த ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூர் தன் பக்கத்தில் தொடங்கியது. செப்டம்பரில் மலேசியாவும் தொடங்கியது. அதே ஜூன் 12-ஆம் தேதிதான் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. பிரிவினையின் விளைவுகளை எழுதும்போது இந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். பிரிவினை ஒரே நாளில் அறிவிக்கப்பட்டாலும் எல்லைக்கோடு மக்களின் கைப்பைக்குள் வந்து சேர இரண்டு ஆண்டு பிடித்தது என்பது அப்போது விளங்கும்.

அதற்கு முன்பு நிலைமை எப்படி? 1923-இல் ஜொகூர் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. 1924-இல் பாலம் முறையாகத் திறக்கப்பட்டது. சிரம்பான், தம்பின், கிம்மாஸ் ஆகிய மூன்றும் தெற்கே போகும் அந்தப் பாதையிலேயே இருந்தன. அதனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குச் சிங்கப்பூர் ஒன்றும் எட்டாத ஊரில்லை. தோட்டத்தில் ஒரு தம்பி பால்மரம் வெட்டுவார். அண்ணன் சிங்கப்பூர் துறைமுகத்திலோ செம்பவாங் கடற்படைத் தளத்திலோ வேலை பார்ப்பார். கல்யாணம், கருமாதி, தைப்பூசம் என்று போக்குவரத்து நின்றதே இல்லை. போகிறவருக்கு வேண்டியதெல்லாம் டிக்கெட், சட்டைப்பையில் அடையாள அட்டை, அவ்வளவுதான். அந்த அடையாள அட்டைகூட 1948-இல் அவசரகாலத்தின்போது படமும் கைரேகையும் எடுத்து அரசு கட்டாயமாகக் கொடுத்ததே தவிர, ஊர் சுற்றுவதற்காக யாரும் கேட்டு வாங்கியதல்ல.

1967-க்குப் பிறகு ‘சிங்கப்பூருக்குப் போயிட்டு வரேன்’ என்பது வெளிநாட்டுப் பயணமாகிவிட்டது. அடிக்கடி போய்வரும் தீபகற்பவாசிகளுக்காகச் சிங்கப்பூருக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு வரையறுக்கப்பட்ட கடப்பிதழைக் குடிநுழைவுத் துறை வெகுகாலம் வழங்கியது. பெரியவர்கள் சிலரிடம் அந்தப் புத்தகம் இன்னும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பிறகு அது நிறுத்தப்பட்டது.

சிக்கல் புத்தகத்தில் இல்லை, அதைக் கேட்கும் தகுதியில் இருந்தது. கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே. தோட்டத்தில் யார் குடிமகன்? ஒரே லயத்தில், ஒரே வீட்டில் இதற்கு மூன்று பதில்கள் இருந்தன. கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் இருவரும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளவில்லை.

மூத்த மகள் பிறந்தது 1955-இல். மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவள் என்பதால் அவளுக்குக் குடியுரிமை தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு ஓரளவு மலாய்மொழி அறிவு தேவை. மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு அந்த மொழி நிபந்தனை தளர்த்தப்பட்டிருந்தது. அந்த ஓராண்டைத்தான் தோட்டத்தில் பலர் கோட்டைவிட்டார்கள். மகளுக்கோ அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை! இரண்டாவது மகன் 1959. 31 ஆகஸ்ட் 1957 முதல் 1962 செப்டம்பர் முடியும் வரை இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பினாலேயே குடிமக்கள். ஆக, தம்பி குடிமகன், அக்கா இல்லை. மூன்றாவது பிள்ளை 1964. அதற்குள் சட்டம் இறுகிவிட்டது. பொதுவாக, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாக வேண்டும், அதைத் தாளில் காட்டவும் வேண்டும்.

தாள்தானே தோட்டத்தில் கிடைக்காத பொருள்? லயத்தில் மருத்துவச்சி கைபட்டுப் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வெளியே போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போச்சு. தோட்டப் பள்ளியில் சேர்க்க அதைக் கண்டிப்பாகக் கேட்காதவரை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்களைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசியாக இருந்தவருக்குச் சிவப்பு அடையாள அட்டை. அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பயணத்துக்குத் தனி அடையாளச் சான்றிதழும் திரும்பி வர அனுமதியும் பெற வேண்டும். முன்பு டிக்கெட் எடுத்து அண்ணனைப் பார்க்கப் போனவர், இப்போது சிரம்பான் அலுவலகத்தில் விண்ணப்பத் தாளோடு நிற்க வேண்டியதாயிற்று. போதாததற்கு 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யவே அனுமதிச் சீட்டு கேட்டது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்கே கப்பலேறினார்கள். எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இந்தச் சட்டத்தை 1969-க்குப் பிந்திய பொருளாதாரப் பாடத்தோடு மட்டும் நிறுத்திவிடாமல், குடியுரிமைப் பாடத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

போகிறபோக்கில் ஒரு வேடிக்கை. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் ரயில் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றியது. மலேசிய அதிகாரிகளோ 2011 ஜூன் வரை தஞ்சோங் பகார் நிலையத்திலேயே இருந்தார்கள். அதனால் வடக்கே வரும் பயணி சிங்கப்பூரை விட்டுப் புறப்படும் முன்பே மலேசியாவுக்குள் ‘நுழைந்து’ விடுவார்! எல்லைக்கோடு மண்ணில் மட்டும் கிடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இன்று நீங்கள் சிங்கப்பூருக்குச் சுற்றுலா போக விசா வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ் வேண்டும். போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள், இணையத்தில் இலவசமாக வருகை அட்டையை நிரப்ப வேண்டும். எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்குள்ள அதிகாரி முடிவு செய்வார். 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டிலும் காரில் போகிறவர்கள் கியூஆர் குறியீட்டைக் காட்டியே கடக்கலாம் என்றாலும் கடப்பிதழ் கையில் இருந்தாக வேண்டும்.

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காமல், “எனக்கு வர இஷ்டமில்ல டீச்சர்” என்று ஒதுங்கும் பிள்ளையைக் கவனியுங்கள். காசு இல்லாததும் காரணமாக இருக்கலாம், தாள் இல்லாததும் காரணமாக இருக்கலாம். 1 மார்ச் 1982 முதல் திருமணப் பதிவு கட்டாயம். அதன் பின் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட பெற்றோரின் பிள்ளைக்குத் தாயின் நிலைதான் கணக்கு, அப்பா நீல அட்டைக்காரராக இருந்தாலும் சரி. இப்படி விடுபட்ட இந்தியர்களைப் பதிவதற்காகவே 2011 பிப்ரவரியில் ‘மைடாஃப்தார்’ இயக்கம் நடந்தது. பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் மைகாட் எடுக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். அதில் ‘குடிமகன் அல்ல’ என்றிருந்தால் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். விண்ணப்பிக்க வயது வரம்பு உண்டு.